மதுரைச் சித்திரைத் திருவிழாவைக் காணச் செல்வோர்க்கு



தைப்பூசத் திருவிழாவை நாம் அனைவரும் அறிவோம். முதல் நாள் ரதம் புறப்படும். மறுநாள் காவடிகள் வரும். நாட்காட்டியில் தேதி முன்னரே அச்சாகிவிடும். ஜொகூர் மாநிலத்தில் அன்று பொது விடுமுறையும் உண்டு. ஆகவே, திருவிழா என்றாலே ஓரிடம், ஒரு நாள் என்னும் எண்ணம் நம் மனத்தில் ஊறிவிட்டது. இவ்வெண்ணத்தோடு மதுரைச் சித்திரைத் திருவிழாவைக் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் ஏமாற்றத்தோடு திரும்ப நேரிடும். அவ்விழா ஒன்றன்று, இரண்டு. அவ்விரண்டும் இரு வேறு கோயில்களுக்கு உரியவை. இரண்டுக்கும் நாள் குறிக்கும் முறையும் வேறு வேறு. இதனை அறியாமையால் நேர்ந்த ஒரு வருத்தத்தை முதலில் கூறிவிடுவது நல்லது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் 2025-ஆம் ஆண்டு மதுரைக்குச் சென்றனர். அவ்வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். மேலூர்ப் பக்கத்தில் பிறந்தவர். குழந்தைப் பருவத்தில் கப்பலேறி வந்து, தோட்டத்தில் பால்மரம் வெட்டி, மக்களை ஆளாக்கியவர். தந்தையின் தோள்மேல் அமர்ந்து அழகரைக் கண்ட நினைவு ஒன்று மட்டும் அவருக்கு மங்காமல் இருந்தது. அதனை மீண்டும் ஒரு முறை காட்டிவிட வேண்டும் என்று மகன் விரும்பினார். 2024-ஆம் ஆண்டில் தேரோட்டம் ஏப்ரல் 22-ஆம் நாளும், அழகர் வைகையாற்றில் இறங்குதல் மறுநாள் 23-ஆம் நாளும் நிகழ்ந்ததை அவர் அறிந்திருந்தார். எனவே, 2025-இல் தேர் மே 9-ஆம் நாள் என்று கேள்வியுற்றதும், அழகர் 10-ஆம் நாள் விடியற்காலை ஆற்றில் இறங்குவார் என்று தாமாகவே முடிவு செய்து, அன்றிரவே திருச்சிராப்பள்ளியிலிருந்து திரும்பப் பயணச்சீட்டு வாங்கிவிட்டார்.

பத்தாம் நாள் விடிவதற்கு முன்பே பாட்டியை அழைத்துக்கொண்டு ஆற்றுப்பாலத்தருகே சென்றால் அங்கே திருவிழாக் கூட்டமே இல்லை. தேநீர்க்கடைக்காரர் ஒருவரிடம் கேட்டனர். “இன்று சாயங்காலந்தானே ஆத்தா அழகர் மலையைவிட்டே கிளம்புகிறார்! ஆற்றில் இறங்குவது நாளை மறுநாள்” என்றார் அவர். அறுவருடைய பயணச்சீட்டையும் மாற்ற வேண்டுமானால் ஆகும் செலவு அக்குடும்பத்தின் சக்திக்கு மீறியது. திரும்பிவிட்டனர். அழகர் ஆற்றில் இறங்கிய மே 12-ஆம் நாள் நம் நாட்டில் விசாக தினப் பொது விடுமுறை. அவ்விடுமுறையில் வீட்டிலிருந்தபடியே கைப்பேசித் திரையில் பாட்டி அழகரைக் கண்டார்.

மகன்மீது குறை கூற ஒன்றுமில்லை. முறையாக எடுத்துச் சொல்லும் ஒரு கட்டுரை அவர் கைக்குக் கிடைத்திருக்குமானால் இவ்வாறு நேர்ந்திராது.

இனி விழாவைப் பற்றிக் காண்போம்.

முதல் விழா, மீனாட்சியம்மன் கோயிலுக்கு உரியது. கொடியேற்றத்துடன் தொடங்கிப் பன்னிரண்டு நாள் நடைபெறும். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் அம்மனும் சுவாமியும் வெவ்வேறு வாகனங்களில் மாசி வீதிகளில் உலா வருவர். இங்கே ஒரு விந்தையைக் கவனித்தல் வேண்டும். மதுரை நகரின் நடுவில் கோயில். அதனைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று தெருக்கள் விரிந்து செல்கின்றன. சித்திரைத் திருவிழாவின் தேர் சித்திரை வீதியில் அல்லவா ஓட வேண்டும்? ஆனால் அது ஓடுவதோ மாசி வீதியில்! முன்னாளில் மீனாட்சி திருக்கல்யாணம் மாசித் திங்களில் நடந்ததென்றும், மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் அதனைச் சித்திரைக்கு மாற்றினார் என்றும் வழிவழியாகக் கூறுவர். தெருவின் பெயர் பழைய மாதத்தை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது.

எட்டாம் நாள் அம்மனுக்குப் பட்டாபிடேகம். அன்று முதல் ஆடி வரை நான்கு திங்கள் மதுரையில் மீனாட்சியின் ஆட்சி. ஆவணியில் சுந்தரேசுவரர் முடிசூடி எஞ்சிய எட்டுத் திங்கள் ஆள்வார் என்பது மரபு. ஒன்பதாம் நாள் திக்கு விசயம். அரசியாகிய மீனாட்சி எண்திசைக் காவலரையும் வென்று, இறுதியில் இறைவனைக் கண்டு நாணி நிற்கும் காட்சி அது. பத்தாம் நாள் திருக்கல்யாணம். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகப்பெருமான் தெய்வானையோடும், பவளக்கனிவாய்ப் பெருமாள் மணப்பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கவும் எழுந்தருள்வர். வடக்கு ஆடி வீதியும் மேற்கு ஆடி வீதியும் கூடும் இடத்தில் உள்ள மண்டபத்தில் திருமணம் நடைபெறும். அந்நேரத்தில் கூடியிருக்கும் பெண்கள் தங்கள் தாலிக் கயிற்றைப் புதிதாக மாற்றிக்கொள்வர். பதினோராம் நாள் தேரோட்டம்.

திருமணம் என்றால் விருந்தும் மொய்யும் இல்லாமலா? சேதுபதி மேல்நிலைப் பள்ளியில் பல்லாயிரவர்க்கு விருந்து நடைபெறுகிறது. உண்டவர்கள் மொய்யும் எழுதுகிறார்கள். மாணவர்கள் இப்பள்ளியின் பெயரை நினைவில் இருத்துக. 1904-ஆம் ஆண்டில் பாரதியார் சில மாதம் தமிழாசிரியராகப் பணியாற்றிய பள்ளி இதுவேயாகும்.

இரண்டாம் விழா, மதுரைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 21 கிலோ மீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலுக்கு உரியது. மலையடிவாரத்தில் உறையும் திருமால், கள்ளர் கோலம் பூண்டு, கொண்டையும் கடுக்கனும் அணிந்து, கையில் வளைதடி ஏந்திப் பல்லக்கில் புறப்படுவார். பதினெட்டாம்படிக் கருப்பணசாமி முன் நின்று விடைபெற்று, வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் தங்கித் தங்கி, மறுநாள் காலை மூன்றுமாவடியை வந்தடைவார். அங்கே மதுரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்பதற்கு எதிர்சேவை என்று பெயர். அன்றிரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலையை அணிந்து, மறுநாள் முழுமதியன்று விடியற்காலையில் தங்கக் குதிரையேறி வைகையில் இறங்குவார். அன்று அவர் எந்நிறப் பட்டு உடுத்து வருவார் என்பதைக் காண ஊரே கண்விழித்துக் காத்திருக்கும். பச்சைப் பட்டானால் அவ்வாண்டு பயிர் செழிக்கும் என்று உழவர் மகிழ்வர்.

அழகர் வருவதற்குக் காரணம் என்ன? மதுரையில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும், தங்கை மீனாட்சியின் திருமணத்திற்கு வருகிறார் என்பார். வழியெல்லாம் அடியவர் நிறுத்தி நிறுத்தி உபசரித்ததால் காலந் தாழ்ந்துவிட்டது. ஆற்றங்கரைக்கு வந்தபோது திருமணம் முடிந்துவிட்டதென்று கேட்டு, ஊருக்குள் நுழையாமலே வண்டியூர் நோக்கித் திரும்பிவிட்டார் என்பது கதை. கோயில் மரபு கூறும் காரணமோ வேறு. துருவாச முனிவரின் சாபத்தால் தவளையாகி வைகையில் கிடந்த மண்டூக முனிவருக்கு விடுதலை அளிக்கவே அழகர் வருகிறார் என்பது அம்மரபு. இந்நிகழ்ச்சி முன்பு தேனூரில் நடைபெற்றது. இரு விழாவையும் ஒருங்கே நடத்த விரும்பிய திருமலை நாயக்கர் அதனையும் மதுரைக்குக் கொணர்ந்தார் என்பர். வண்டியூர்ப் பக்கத்தில் ஆற்றுக்குள் இருக்கும் மண்டபத்திற்குத் தேனூர் மண்டபம் என்றே பெயர். சைவரும் வைணவரும் ஒரே விழாவில் கலந்து நிற்கவும், அறுவடை முடிந்து ஓய்ந்திருக்கும் சிற்றூர் மக்கள் பெருந்தேர் இழுக்கத் திரளவும் இவ்விணைப்பு வழி செய்தது. அரசியல் அறிந்த மன்னர் அவர் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பயணத்திற்கு நாள் குறிப்போர் இங்கேதான் விழிப்பாக இருத்தல் வேண்டும். மீனாட்சியம்மன் விழாவிற்குக் கொடியேற்ற நாள் தெரிந்தால் போதும். பத்தாம் நாள் திருமணம், பதினோராம் நாள் தேர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அழகர் விழாவிற்குச் சித்திரை முழுமதியே அளவுகோல். இரண்டுக்கும் இடையே உள்ள நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2022-இல் தேர் ஏப்ரல் 15, அழகர் ஏப்ரல் 16. 2023-இல் தேர் மே 3, அழகர் மே 5. 2024-இல் அடுத்தடுத்த நாள். 2025-இலோ மூன்று நாள் இடைவெளி. சென்ற ஆண்டின் அனுபவத்தை நம்பி இவ்வாண்டிற்குச் சீட்டு வாங்கலாகாது என்பது இதனால் விளங்கும். கோயில் நிருவாகம் வெளியிடும் அழைப்பிதழைக் கண்ட பிறகே நாளை உறுதி செய்தல் வேண்டும். அதற்கு முன்பே சீட்டு வாங்க நேர்ந்தால் முழுமதிக்கு முன் இரண்டு நாளும் பின் ஒரு நாளும் இடம் விட்டு வாங்குக.

நம் நாட்டில் இருப்போர்க்கு ஓர் எளிய வழியும் உண்டு. விசாக தினமும் முழுமதி நாளை ஒட்டியே வருவது. சில ஆண்டுகளில் சித்திரை முழுமதியும் விசாக தினமும் ஒன்றாகவே அமையும். 2025-இல் அவ்வாறே அமைந்தது. மற்ற ஆண்டுகளில் விசாக தினத்திற்கு முந்தைய முழுமதியே சித்திரை முழுமதி. பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதவரும் பள்ளி நாட்காட்டியை வைத்துக்கொண்டு இவ்வளவு கணித்துவிடலாம். கோயில் அழைப்பிதழோடு பிறகு ஒப்பிட்டுக்கொள்வது கடமை.

நாங்கள், ஆசிரியர் சிலரும் பெற்றோர் சிலரும் மாணவர் எழுவருமாக, 2023-ஆம் ஆண்டு சென்று வந்தோம். அவ்வாண்டு நாட்கள் எங்களுக்கென்றே அமைந்ததுபோல் இருந்தன. மே 4, வியாழக்கிழமை, விசாக தினம். மே 5 வெள்ளி. அக்காலத்தில் ஜொகூரில் வெள்ளியும் சனியுமே வார விடுமுறை. 2025-ஆம் ஆண்டு சனவரி முதல்தான் சனியும் ஞாயிறும் ஆயின. ஆக, புதன்கிழமை பள்ளி முடிந்ததும் புறப்பட்ட மாணவர் ஒரு நாள் பாடத்தையும் இழக்காமல் எதிர்சேவையையும் ஆற்றில் இறங்குதலையும் கண்டு திரும்பினர். எல்லா ஆண்டும் இவ்வாறு வாய்க்காது. ஏப்ரல், மே திங்களில் நமக்கு நெடிய பள்ளி விடுமுறை கிடைப்பது அரிது. ஆகவே இரு விழாவையும் முழுமையாகக் காண்பதற்குப் பத்து நாள் பள்ளியை விடுவது எங்களுக்கு உடன்பாடன்று. திருமணம், தேர் ஆகிய இரண்டு நாள், அல்லது எதிர்சேவை, ஆறு ஆகிய இரண்டு நாள் என ஒன்றைத் தேர்ந்துகொள்வதே தக்கது. குழந்தைகளோடு செல்வோர் பின்னதைத் தேர்க என்போம். திருமண மண்டபத்தில் இடம் பெறுவது எளிதன்று. கட்டணச் சீட்டை முன்பதிவு செய்தல் வேண்டும். முதலில் வருவோர்க்குக் கட்டணமின்றியும் இடமுண்டு எனினும் நெடுநேரம் காத்து நிற்க நேரும். எதிர்சேவையோ திறந்த வீதியில் நடைபெறுவது, எல்லார்க்கும் பொது.

வழியைப் பற்றிச் சில சொற்கள். நம் தாத்தா பாட்டிமார்க்கு ரஜூலா, எம்.வி. சிதம்பரம் என்னும் கப்பல்கள் இருந்தன. ரஜூலா 1973-இல் ஓய்வு பெற்றது. சிதம்பரம் 1985-இல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தக் கப்பல் வழியும் முடிந்தது. இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பறந்துவிடலாம். அங்கிருந்து மதுரை சாலை வழியே சுமார் 135 கிலோ மீட்டர். ஜொகூர் பாருவில் இருப்போர் சிங்கப்பூரிலிருந்து செல்வதும் உண்டு. இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. முதல் இரண்டு நாள் குழந்தைகள் விடியுமுன்னரே விழித்துக்கொள்வர். அழகரைக் காண அது நன்றே! கடப்பிதழ் குறைந்தது ஆறு திங்கள் செல்லுபடியாக இருத்தல் வேண்டும். விசாவை முன்னரே பெறுதல் வேண்டும். மின்விசா பெறுவோர், தாம் இறங்கும் விமான நிலையம் அதனை ஏற்குமா என்று பார்த்துக்கொள்க; திருச்சிராப்பள்ளி ஏற்கும் நிலையமே. பள்ளியின் பெயரால் செல்வதாயின் கல்வி இலாகாவின் அனுமதி வேண்டும்; அதற்கும் காலம் பிடிக்கும்.

தங்கும் அறையை எங்கே எடுப்பது என்பதில்தான் பலர் தவறு செய்கின்றனர். வைகைக்குத் தென்கரையில் மீனாட்சியம்மன் கோயிலும் இரயில் நிலையமும் உள்ளன. வடகரையில் தல்லாகுளமும் கோரிப்பாளையமும் உள்ளன. அழகர் வருவது வடகரைக்கு. முழுமதிக்கு முந்திய இரவு பாலங்களிலும் வீதிகளிலும் வண்டிகள் செல்ல இயலா. போக்குவரத்தைக் காவல் துறையினர் மாற்றிவிடுவர். நாங்கள் இதனை அறியாமல் தென்கரையில் அறை எடுத்துவிட்டு, உறங்கும் பிள்ளைகளைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்து நடந்தோம். திருமணமும் தேரும் காண்போர் தென்கரையிலும், அழகரைக் காண்போர் வடகரையிலும் தங்குக. அறைகள் பல திங்களுக்கு முன்பே நிறைந்துவிடும் என்பதையும் மறவாதீர்.

இனிக் கூட்டத்தைப் பற்றி. இதனை மென்மையாகக் கூறும் எண்ணம் எங்களுக்கில்லை. கொரோனாத் தொற்றினால் 2020-இல் அழகர் ஆற்றுக்கு வரவில்லை; 2021-இலும் விழா கோயில் எல்லைக்குள்ளேயே முடிந்தது. இரண்டு ஆண்டு ஏங்கியிருந்த மக்கள் 2022-இல் வெள்ளமெனத் திரண்டனர். அந்நெரிசலில் இருவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். பத்துமலைக் கூட்டத்தைக் கண்ட நாம் இதனையும் சமாளித்துவிடலாம் என்று எண்ணுதல் பிழை. ஆற்றின் இறக்கத்தில், ஒரே விடியலில், ஒரே இடத்தை நோக்கி இலட்சக்கணக்கானோர் நகரும்போது, பெரியவர் கையைப் பற்றியிருக்கும் குழந்தைக்கு மூச்சுவிட இடமிராது.

ஆகவே நாங்கள் வகுத்துக்கொண்ட முறை இது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவரையும் முதியோரையும் ஆற்றுக்குள் அழைத்துச் செல்வதில்லை. அவர்கள் அழகரை அருகிருந்து காண வேண்டியது முந்திய நாள் எதிர்சேவையில். காலையில் மூன்றுமாவடி, பிறகு புதூர், மாலையில் தல்லாகுளம் என்று அழகர் நாள் முழுதும் நகர்ந்துகொண்டே இருப்பதால் கூட்டமும் ஓரிடத்தில் தேங்காமல் பரவி நிற்கும். மண்டகப்படி ஒன்றன் அருகே நிழலில் நின்றால் அவரே நம்மை நோக்கி வருவார். நீர்மோரும் பானகமும் கேளாமலே கைக்கு வரும். அழகர் போலவே வேடம் பூண்டவர்கள் தோற்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சியடிப்பர். எங்கள் மாணவர் எழுவரும் ஒரு மணி நேரத்திற்குள் முழுதும் நனைந்து மகிழ்ந்தனர். அந்த நாளின் நினைவையே அவர்கள் பள்ளியில் மீண்டும் மீண்டும் கூறினரேயன்றி, தொலைவிலிருந்து கண்ட ஆற்றுக் காட்சியை அவ்வளவாகக் கூறவில்லை. ஒவ்வொரு குழந்தையின் சட்டைப் பையிலும் பெற்றோர் பெயர், தங்கும் விடுதி, இந்தியத் தொலைபேசி எண் மூன்றையும் தமிழில் எழுதி வைத்தோம். பிரிந்தால் கூடுமிடம் இன்னதென்று பகலிலேயே காட்டி வைத்தோம்.

வைகையில் நீர் புரண்டோடும் என்று எண்ணிச் செல்லாதீர். ஆண்டின் பெரும்பகுதியும் அது மணலாறே. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையிலிருந்து விழாவிற்கென்று நீர் திறந்துவிடப்படுகிறது. வெயிலோ 40 பாகையை நெருங்கும். நம் ஊர் வெயிலில் புழுக்கம் மிகுதி. அவ்வூர் வெயில் நேரே சுடும். வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் தாகம் தெரியாது. தாகம் தெரியுமுன்னரே நீர் பருகுதல் வேண்டும். பருத்தி உடையும் குடையும் இன்றியமையாதவை. நண்பகலில் வெளியே செல்லலாகாது. ஜிகர்தண்டா பருக எல்லாரும் விரும்புவர். பருகுக, ஆனால் பயணத்தின் இறுதி நாளில்! குழந்தைகளின் வயிற்றுக்கு இட்லியே துணை.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டு செல்ல இயலாது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நேர்ந்த பின்னர் வந்த தடை இது. வெளியே ஒப்படைத்துச் சீட்டுப் பெற்றுச் செல்க. நாங்கள் இதனை இழப்பாகக் கருதவில்லை. படம் எடுக்க வழியின்மையால் மாணவர் பொற்றாமரைக் குளப் படியில் அமர்ந்து தெற்குக் கோபுரத்தைக் கண்ணாலேயே பார்த்தனர். ஒருவன் அதன் நிலைகளை எண்ணத் தொடங்கி, இரு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை ஒன்பது என்று கண்டான். நேரம் கிடைப்போர் வடகரைத் தமுக்கத்தில் உள்ள காந்தி அருங்காட்சியகத்தையும் கண்டு வருக. காந்தியடிகள் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த குருதி படிந்த ஆடை அங்கு வைக்கப்பட்டுள்ளது. அவ்வறையில் குழந்தைகள் தாமே பேச்சை நிறுத்திவிட்டனர்.

பாட்டியின் மகன் இப்போது எங்கள் திட்டக் குழுவில் ஒருவர். 2026-ஆம் ஆண்டின் சித்திரை முழுமதி மே முதல் நாள், தொழிலாளர் தினத்தன்று அமைவதை முதலில் கண்டு கூறியவரும் அவரே. ஆற்றை விட்டுவிடுங்கள், மூன்றுமாவடியில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தால் போதும் என்று பாட்டி கேட்டுக்கொண்டுள்ளார். நாற்காலி மடக்கக்கூடியதாக இருத்தல் நன்று; விமானத்தில் கொண்டு செல்லத் தேவையில்லை, மதுரையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.